ஸ்டேஷன் ஹோட்டலா, மகள் பார்த்த வீடா?

கேள்வி:

தம்பி, நான் கிளிநொச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் இங்கிலாந்தில் யோர்க் பல்கலைக்கழகத்தில் முதுமாணி முடித்துவிட்டாள். ஜனவரியில் பட்டமளிப்பு. நானும் கணவரும் அவருடைய அக்காவும் போக இருக்கிறோம். மச்சாளுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம், சுத்த சைவம். கணவருக்கு 64, சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். 2009இல் என்னைவிட மச்சாள்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவ. அவ இல்லாமல் போக ஏலாது. ஐந்து இரவு தங்க வேண்டும். லண்டனில் இருக்கும் என் தம்பி, யோர்க் ஸ்டேஷனோடு ஒட்டிய பெரிய ஹோட்டலைப் போடச் சொல்கிறான். மகளோ அங்குள்ள பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒன்பதே அறை உள்ள 'பூட்டிக் ஹோட்டல்' ஒன்றைக் காட்டுகிறாள். பழைய காலத்து வீடு, படத்தில் நல்ல வடிவு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதைப் போடுவது?

பதில்:

ரீச்சர், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று பேருக்கும், அந்த ஜனவரிக்கு, ஸ்டேஷன் ஹோட்டல்தான். மகளிடம் இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் பார்த்த இடத்தில் பிழை இல்லை. மாதம்தான் பிழை, முழங்காலும்தான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இப்போது வவுனியாவில் விமான ரிக்கெட்டும் ஹோட்டலும் பதிவு செய்து கொடுக்கும் சின்னக் கந்தோர் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு முன் இங்கிலாந்தின் வடக்கே, பெயர் வேண்டாம், ஒரு பெரிய ஸ்டேஷன் ஹோட்டலில் நாலு வருடம் இரவு நேர வரவேற்பு மேசையில் நின்றவன். இரவு பத்து மணியில் இருந்து விடிய ஆறு மணிவரை ஒரு ஹோட்டலைப் பார்த்தவனுக்கு அதன் நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும்.

முதலில் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். எங்களுக்கு ஹோட்டல் என்றால் ஏ-9 வீதியில் கொத்துரொட்டிச் சத்தம் கேட்கிற இடம். படுக்கிற இடம் லொட்ஜ், இல்லாவிட்டால் கெஸ்ட் ஹவுஸ். ஸ்டேஷன் என்றால் பொலிஸ். எனக்கு ஸ்டேஷன் ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மாவுக்கு அறிவித்தபோது, "பொலிசுக்குப் பக்கத்திலயோ மோனே?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. பூட்டிக் அதைவிட வேடிக்கை. வெள்ளைக்காரன் காலத்து இலங்கை ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சந்தியில் இருக்கிற சில்லறைக் கடை, தேத்தண்ணிக் கடை. போர்த்துக்கேயரிடம் இருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. இப்போது உடுப்புக் கடைக்குப் பெயராகிவிட்டது. ஹோட்டலுக்கு அது வந்தது 1980களில். நியூயோர்க்கில் 1984இல் மோர்கன்ஸ் என்ற ஹோட்டலைத் திறந்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல், மற்றப் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் எல்லாச் சாமானும் விற்கிற பெரிய கடைகள், எங்களுடையது தெரிந்தெடுத்த சாமான் விற்கிற சின்னக் கடை என்று ஒப்பிட்டாராம். பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் இந்தப் பெயரை வைக்க ஒருவரும் ஒரு சான்றிதழும் எடுக்கத் தேவையில்லை. ஒன்பது அறையும் நல்ல திரைச்சீலையும் இருந்தால் பலகையை மாட்டிவிடலாம். நல்ல இடங்களும் இருக்கின்றன, வெறும் திரைச்சீலையும் இருக்கின்றன.

ஸ்டேஷன் ஹோட்டல் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ரயில் கம்பனிகள் தண்டவாளம் போட்ட கையோடு பயணிகளுக்குப் படுக்கை போடவும் தொடங்கின. லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் 1839இலேயே அப்படி ஒன்று திறந்துவிட்டார்கள். எடின்பரோ ஸ்டேஷனுக்கு மேலே 1902இல் கட்டிய ஹோட்டலின் கோபுர மணிக்கூட்டை இன்றைக்கும் மூன்று நிமிடம் முந்தி வைத்திருக்கிறார்கள், ரயிலுக்கு ஓடுகிறவர்கள் பிந்தக்கூடாதென்று. உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள், சிரிப்பார். யோர்க்கில் இப்போது இருக்கிற ஸ்டேஷன் 1877இல் திறந்தது, பக்கத்து ஹோட்டல் 1878இல். மஞ்சள் செங்கல் கட்டடம். கைமாறிக் கைமாறிப் பெயரும் மாறிக்கொண்டே வருகிறது. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் ரயில்வே ஹோட்டல்களை எல்லாம் விற்றுத் தள்ளியது. ஆகவே இன்றைக்கு ஸ்டேஷனுக்கும் ஹோட்டலுக்கும் உள்ள உறவு மதில் உறவு மட்டும்தான். ரயில் பிந்தினால் ஹோட்டல்காரர் பொறுப்பில்லை.

சரி, இனி விசயத்துக்கு வருவோம். ஹோட்டலைத் தெரிவு செய்கிறவர்கள் எல்லோரும் இரவைப் பற்றியே யோசிக்கிறார்கள். கட்டில் எப்படி, அறை எப்படி என்று. நான் எப்போதும் கேட்பது, நீங்கள் போய்ச் சேருகிற மணி என்ன என்பதுதான். உங்கள் பயணத்தை நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சியில் மத்தியானம் வானில் ஏறுவீர்கள். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். உங்கள் தம்பி லண்டனில் இருக்கிறார் என்பதற்காக லண்டனில் இறங்க வேண்டாம். வளைகுடா நாடொன்றில் மாறி மான்செஸ்டரில் இறங்குங்கள். அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிற்கிறது, யோர்க்குக்கு நேரே போகும், இரண்டு மணித்தியாலம் அளவில். காலையில் இறங்கினால் பகல் பதினொரு மணிக்கெல்லாம் யோர்க். வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஒரு முழு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். ஆனால் அங்கே பெரும்பாலான ஹோட்டல்களில் அறை தருவது பின்னேரம் மூன்று மணிக்கு.

அந்த நாலு மணித்தியாலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பேன். பெரிய ஹோட்டலில் இருபத்துநாலு மணி நேரமும் மேசையில் ஆள் நிற்கும். பெட்டிகளை எண் போட்டு வாங்கி வைப்பார்கள். சோபாவில் மச்சாள் காலை நீட்டி இருக்கலாம். கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது. நூற்றுக்கு மேல் அறை இருக்கிற இடத்தில் பதினொரு மணிக்கே துப்புரவாக்கி முடித்த அறை ஒன்றாவது இருக்கும். நான் மேசையில் நின்ற காலத்தில், வயதான ஒருவர் களைத்துப் போய் முன்னால் நின்றால் அந்த அறையின் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒன்பது அறை உள்ள இடத்தில் அப்படிக் கொடுக்க மனம் இருந்தாலும் அறை இருக்காது. காலைச் சாப்பாடு பரிமாறியவரே மேலே போய்க் கட்டில் விரித்துக்கொண்டு இருப்பார். பல சின்ன இடங்களில் வாசலில் ஆள் நிற்கிற நேரமே மட்டாக இருக்கும். மற்ற நேரத்துக்குக் கதவில் இலக்கப் பூட்டு.

அந்த இலக்கப் பூட்டில் நானே ஒருமுறை மாட்டுப்பட்டவன். வேலையை விட்டு வந்தபின் ஒரு வருடம் திரும்பவும் இங்கிலாந்து போனேன், இந்த முறை பயணியாக. வேறொரு நகரம், ஏழு அறை உள்ள சின்ன ஹோட்டல். ரயில் பிந்தி, இரவு பதினொரு மணிக்கு வாசலில் நிற்கிறேன். கதவு பூட்டு. இலக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள், என் இலங்கை சிம் அங்கே செத்துப்போய்க் கிடக்கிறது. அரை மணித்தியாலம் மழையில் நின்றேன். முன்னால் இருந்த மதுச்சாலைக்காரர் கடையைப் பூட்ட வெளியே வந்தவர், தன் போனைத் தந்தார். ஹோட்டல் உரிமையாளர் படுக்கை உடுப்போடு ஓடிவந்து ஆயிரம் மன்னிப்புக் கேட்டு, என்னைக் குசினியில் இருத்தித் தேத்தண்ணி போட்டுத் தந்து, இரவு ஒரு மணிவரை அந்த வீட்டின் கதையைச் சொன்னார். நான் வேலை செய்த பெரிய ஹோட்டல் என்னை மழையில் நிற்க விட்டிருக்காது. குசினிக்குள் கூப்பிட்டும் இருக்காது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. நீங்கள் ஐம்பது வயதில், தனியாக, ஒரு பையோடு போகிறவராக இருந்தால் அந்தக் குசினிக்காகவே சின்ன இடத்தைப் போடச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது படி. மகள் அனுப்பிய படங்களைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். கட்டில் இருக்கும், பூச்சாடி இருக்கும், சன்னலால் தேவாலயக் கோபுரம் தெரியும். மாடிப்படி இருக்கிறதா? ஒருவரும் மாடிப்படியைப் படம் எடுத்துப் போடுவதில்லை. அந்த நகரத்துப் பழைய வீடுகள் ஒடுக்கமாக, உயரமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியவை. படிகள் செங்குத்து, திருப்பத்தில் கால் வைக்க இடமே இருக்காது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் அனுமதி இல்லாமல் ஒரு சுவரை இடித்து லிப்ட் போட முடியாது. கிளிநொச்சியில் மண்தரை மட்டத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு இருக்கிற எங்களுக்கு இது நினைவுக்கே வராது. அதோடு அந்தப் பழைய நகரத்தின் நடுத் தெருக்கள் பலவற்றில் பகல் நேரம் வாகனம் விடமாட்டார்கள். கல் பதித்த தெரு. ஜனவரியில் அதில் பனி உறைந்து வழுக்கும். ரக்சிக்காரர் தெரு முனையில் இறக்கிவிட்டால் பெட்டி உருட்டுகிற வேலை உங்களுடையது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும், காலையில் எட்டு மணிக்குப் பிறகுதான் வெளிக்கும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். ஸ்டேஷனில் இருந்து அந்தத் தேவாலயம் பாலம் கடந்து பதினைந்து நிமிட நடைதான். மகளுக்குப் பதினைந்து நிமிடம். மச்சாளுக்கு?

பெரிய ஹோட்டலில் லிப்ட் இருக்கும் என்பதோடு விட்டுவிடவும் கூடாது. அந்தக் காலத்துக் கட்டடம், நடைபாதை நீளம் எங்கள் பள்ளிக்கூடத்து மண்டபங்களைவிட நீளம். லிப்டில் இறங்கியபின் அறைக்கு நூறு மீற்றர் நடந்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்து முறைப்பாடு சொல்லியிருக்கிறார்கள். இடையில் இரண்டு மூன்று படி ஏறி இறங்குகிற இடங்களும் வரும், வெவ்வேறு காலத்தில் கட்டிப் பிறகு இணைத்த கட்டடங்கள் என்பதால். லிப்டுக்குப் பக்கத்து அறை, இடையில் படி இல்லாதது என்று எழுதிக் கேளுங்கள். குளியலறையையும் கேளுங்கள். அங்கே பல ஹோட்டல்களில் குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம் வரும். சவர்க்காரத் தண்ணீரில் ஒற்றைக் காலைத் தூக்கி வைக்கிற நேரத்தில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள். இரவு மேசையில் நான் அம்புலன்சுக்கு அடித்த அழைப்புகளில் பாதி குளியலறையில் இருந்து வந்தவை. தொட்டி இல்லாமல் நேரே நடந்து போய்க் குளிக்கிற அறைகள் கொஞ்சம்தான் இருக்கும். முந்திக் கேட்கிறவருக்குக் கிடைக்கும்.

இதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு பயண முகவரும் இதைச் சொல்லமாட்டார். பெரிய ஹோட்டலோ சின்ன ஹோட்டலோ, மலசலகூடத்தில் கழுவத் தண்ணீர்க் குழாய் இராது. வாளியும் இராது. கைபிடி வைத்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் போடுங்கள். வீட்டில் இருந்து புறப்படும்போது பாஸ்போட்டுக்கு அடுத்ததாக அதைச் சரிபாருங்கள்.

சாப்பாட்டில் மட்டும் மகள் பக்கம் நிற்கிறேன். சின்ன இடத்தில் காலைச் சாப்பாட்டை நீங்கள் சொன்னபின்தான் சமைப்பார்கள். மச்சாளுக்கு முட்டை இல்லை, மீன் இல்லை, இறைச்சி பொரித்த தட்டில் போடாதே என்று முதல்நாள் சொல்லிவிட்டால் வேறு சட்டி எடுத்து வைப்பார்கள். பெரிய ஹோட்டலில் எல்லாம் பெரிய தட்டங்களில் அடுக்கியிருக்கும். பன்றி இறைச்சித் தட்டத்துக்குப் பக்கத்தில் காளான் தட்டம், இரண்டுக்கும் கரண்டி மாறி மாறிப் போகும். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் அவர்களுக்கு முட்டை சரி என்றுதான் அர்த்தம். சிலருக்கு மீனும் சரி. எங்கள் சைவம் என்ற சொல்லுக்கு நேர்ச்சொல் அவர்களிடம் இல்லை. ஆகவே சொல்லைச் சொல்லாமல் எது கூடாது என்பதைச் சொல்லுங்கள். மச்சாள் பாண், பழம், தக்காளி, அவித்த பீன்ஸ் என்று சமாளிப்பா. தட்டங்களை அப்போதுதான் கொண்டுவந்து வைக்கிற நேரத்தில், அதாவது கதவு திறந்தவுடன் போய்விட்டால் கரண்டிப் பிரச்சினையும் குறைவு. உங்கள் கணவருக்கும் அதுதான் நல்லது. பெரிய இடங்களில் ஆறரை, ஏழு மணிக்கே தொடங்கிவிடும். சின்ன இடங்களில் எட்டுக்கு முன் அடுப்பு மூட்டமாட்டார்கள். உடம்பு இலங்கை நேரத்தில் ஓடுகிற முதல் இரண்டு நாளும் நீங்கள் மூன்று பேரும் விடிய மூன்று மணிக்கே முழித்துப் பசியோடு இருப்பீர்கள். இன்சுலின் போடுகிறவருக்கு அது விளையாட்டில்லை. கையோடு பிஸ்கட் கொண்டு போங்கள்.

இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள், உறைந்து பழுதாகலாம். கைப்பையில், டொக்டரின் கடிதத்தோடு. அறையில் குளிர்சாதனப் பெட்டி இருக்கும் என்று நம்பியும் போகாதீர்கள். இரண்டு வகை ஹோட்டலிலும் அது இருக்கலாம், இல்லாமலும் விடலாம். மருந்துக்கு வேண்டும் என்று எழுதினால் ஏதோ ஒரு வழி செய்து தருவார்கள்.

சோறு சமைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு மாசி மாத இரவு, பத்தரை மணி, நான் மேசையில் நிற்கிறேன். நாலாம் மாடியில் புகை அலாரம் அடிக்கிறது. ஓர் அறையில் அடித்தால் முழுக் கட்டடத்துக்கும் அடிக்கும். இருநூறு பேர் இரவு உடுப்போடு குளிரில் தெருவில் நிற்கிறார்கள், தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் எங்கள் ஆக்கள்தான். சின்ன மின்னடுப்பில் தாளித்திருக்கிறார்கள். அந்த அம்மா என் சட்டையில் இருந்த பெயரை வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னா, "தம்பி, சும்மா பருப்புத்தான்." பருப்பு வாசம் இறங்கும்வரை நானும் அதை வெள்ளைக்கார மனேஜருக்கு மொழிபெயர்க்கவில்லை. மகள் இருக்கிற மாணவர் வீட்டில் குசினி இருக்கும்தானே. இரவுச் சோற்றை அவள் கொண்டுவரட்டும், நீங்கள் அறையில் இருந்து சாப்பிடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

காசு விசயத்தில் கவனிக்க இரண்டு மூன்று இருக்கிறது. விசா கையில் வராமல் திருப்பித் தராத விலைக்கு ஒன்றையும் பதிவு செய்யாதீர்கள், எவ்வளவு மலிவாகக் காட்டினாலும். வருகையாளர் விசாவுக்கு வழமையாக மூன்று வாரம் என்கிறார்கள், ஆனால் மூன்று விண்ணப்பங்களும் ஒரே நாளில் திரும்பி வரும் என்பதில்லை. பெரிய ஹோட்டல்களில் முதல்நாள் வரை கட்டணமில்லாமல் நிறுத்தக்கூடிய விலை ஒன்று பெரும்பாலும் இருக்கும். சின்ன இடங்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் முன்னறிவித்தல் கேட்பார்கள், முற்பணமும் கேட்பார்கள். ஒன்பது அறையில் இரண்டு வெறுமையாகக் கிடந்தால் அவர்களுக்கு அது பெரிய நட்டம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பட்டமளிப்பு வாரத்தில் நகரம் நிரம்பும், ஆகவே நிறுத்தக்கூடிய விலையில் இப்போதே பிடித்து வையுங்கள். அப்புறம், பெரிய ஹோட்டலில் வந்து இறங்கியவுடன் அட்டையில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், செலவுக்குப் பிணையாக. போகும்போது விடுவித்தாலும் உங்கள் கணக்குக்குத் திரும்ப நாட்கள் எடுக்கும். எங்கள் வங்கி அட்டைகள் சில அந்த இடத்தில் வேலை செய்யாமல் முரண்டு பிடிக்கும். மகளின் அட்டையைக் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் அட்டைக்காரர் நேரில் நிற்க வேண்டும் என்பார்கள், அவளே ஸ்டேஷனுக்கு வரப்போகிறாள், பிரச்சினையில்லை. ஒரு நல்ல செய்தி, அங்கே காட்டுகிற விலையில் வரி சேர்ந்தே இருக்கும். கொழும்பு ஹோட்டல்களைப் போல விலைக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு, கடைசியில் சேவைக் கட்டணம், வரி என்று ஏற்றமாட்டார்கள். காலைச் சாப்பாடு சேர்ந்ததா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாக எடுத்தால் மூன்று பேருக்கு ஐந்து நாள் பெரிய தொகை. ரயிலில் மூன்று பேர் சேர்ந்து போனால் நெரிசல் இல்லாத நேரங்களில் பல கம்பனிகள் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறார்கள். அதையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்கூட்டி மலிவாக வாங்குகிற ரிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். விமானம் பிந்தினால் போயிற்று.

பெரிய ஹோட்டல் என்றதும் எல்லா அறையும் ஒரே மாதிரி என்று நினைக்கவேண்டாம். 1878இல் கட்டியவனுக்குப் பிரபுவுக்கு ஓர் அறை, பிரபுவின் வேலைக்காரனுக்கு ஓர் அறை என்று கணக்கு. இரண்டையும் இன்றைக்கு விற்கிறார்கள். இணையத்தில் ஆக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வேலைக்காரனின் அறை. சன்னலைத் திறந்தால் குசினிப் புகைக்குழாய். இரவில் நாங்கள் அடுத்தநாள் வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவோம். காரணம் எழுதிக் கேட்டவர்களுக்கு முதலில், நேரே ஹோட்டலில் பதிவு செய்தவர்களுக்கு அடுத்தது, எங்கோ ஓர் இணையத்தளத்தில் மலிவாக எடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் எழுதாதவர்களுக்கு மிஞ்சியது. நியாயமோ இல்லையோ, நடப்பது அதுதான்.

மகளுக்கு வருவோம். அவள் ஏன் அந்த வீட்டைக் காட்டினாள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. படிக்கிற பிள்ளை பகுதிநேர வேலைக்குப் போய்வருகிற வழியில் ஒரு வருடமாக அந்தச் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்திருப்பாள். அம்மா அப்பா வந்தால் இங்கேதான் என்று நினைத்திருப்பாள். அதைப் படி கணக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது. பட்டமளிப்பு முடிந்த பின்னேரம் அந்த இடத்தில் தேநீருக்கு ஐந்து பேருக்கு மேசை கேட்டுப் பாருங்கள், உங்கள் தம்பியையும் சேர்த்துத்தான் ஐந்து. தங்காதவர்களுக்கும் கொடுக்கிற சின்ன ஹோட்டல்கள் நிறைய. கீழ்த்தளத்தில் குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரை ஒன்று மச்சாளுக்கு. விலை கேட்டுத் திடுக்கிடாதீர்கள். எங்கள் மலையகத்துத் தேயிலையை அவர்கள் எங்களுக்கே அந்த விலைக்கு ஊற்றித் தருவார்கள்.

ஆடி மாதத்தில், நீங்களும் கணவரும் மட்டும் போவதாக இருந்தால் நான் மகள் சொன்னதையே எழுதியிருப்பேன்.

அறை விசயத்துக்கு வருகிறேன். இரண்டு அறை எடுங்கள். ஓர் அறைக்குள் மூன்றாவது கட்டிலை நுழைக்கச் சொல்லாதீர்கள். ஒன்றில் நீங்களும் கணவரும், மற்றதில் மச்சாளும் மகளும். அந்த ஐந்து நாளும் மாமியோடு மகள் படுக்கட்டும். இரவில் குளியலறைக்கு எழும்பினாலும் பக்கத்தில் ஆள் இருக்கும். அவர்களின் அறை ஸ்டேஷனுக்கு மறுபக்கம், சத்தம் இல்லாததாக, லிப்டோடு. பல்கலைக்கழகத்துக்குப் போகிற பஸ்ஸை ஸ்டேஷனடியிலேயே பிடிக்கலாம், ஆனால் பட்டமளிப்பு அன்று மட்டும் ரக்சி எடுங்கள், சேலையோடு பனியில் பஸ்சுக்குக் காத்து நிற்க வேண்டாம்.

உங்கள் அறை விசயத்தில் ஒருவரிடமும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தம்பி ஒன்று சொல்கிறார், மகள் ஒன்று சொல்கிறாள், நீங்கள் எனக்கு எழுதுகிறீர்கள். உங்கள் கணவர் என்ன சொன்னார்? 64 வயது, ரயில்வே என்றால் 1990இல் வடக்கு ரயில் நின்றபோது அவர் இளந்தாரி. அது கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது 2013. இடையில் இருபத்துமூன்று வருடம் வேறெங்கோ மாற்றலில் இருந்திருப்பார். இரவு மேசையில் நின்ற நாலு வருடத்தில் ரயில் பக்கத்து அறை தந்துவிட்டீர்கள் என்று சண்டை பிடித்தவர்கள் ஆயிரம் பேர். அந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள். ஹோட்டலுக்கு எழுதும்போது கடைசி வரியாக இதைப் போடச் சொல்லுங்கள்: முடிந்தால் ஓர் அறை ஸ்டேஷனைப் பார்த்தபடி. ஸ்டேஷனுக்குப் பின்னால் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் அங்கேதான் நிற்கிறது. நீங்கள் பெண்கள் மூவரும் கடைத் தெருவுக்குப் போகிற அன்று அவரை அங்கே விட்டுவிட்டுப் போங்கள். பின்னேரம் பூட்டுகிற நேரத்துக்குப் போய்க் கூட்டிவந்தால் போதும்.